வார்டுக்குள் போவதற்கு முன்: மருத்துவ மாணவர்களுக்கான தடுப்பூசி, தொற்றுப் பாதுகாப்பு முழுமையான வழிகாட்டி

மருத்துவப் படிப்பில் சேர்ந்ததும் கைக்கு வரும் தாள்களில் தடுப்பூசிப் படிவமும் ஒன்று. வார்டு போஸ்டிங்குக்கு இன்னும் நாள் இருக்கிறதே என்று பலரும் அதை ஓரமாக வைத்துவிடுகிறார்கள். கடைசி மாதத்தில் எடுத்துப் பார்க்கும்போதுதான் கணக்கு உதைக்கிறது. கல்லீரலைத் தாக்கும் வைரஸ் தொற்றான ஹெபடைடிஸ் பி-க்கான ஊசித் தொடர் முடியவே 6 மாதம் வேண்டும். அது பலித்ததா என்று ரத்தத்தில் பார்க்க, அதற்குப் பிறகு 1 முதல் 2 மாதம். பலிக்கவில்லை என்றால் இன்னொரு சுற்று.

ஊசியே போடாதவர்கள் மட்டும் அல்ல, எல்லா ஊசியும் போட்டவர்களும் முதல் நாள் வார்டு வாசலில் நிறுத்தப்படுவதுண்டு. தேதி இல்லாத சான்று, தவறான நேரத்தில் எடுத்த சோதனை, ஒன்றோடொன்று இடிக்கும் ஊசிகள் என்று காரணங்கள் பல. அதனால் எதைப் போட வேண்டும் என்பதோடு, எந்த வரிசையில், எப்போது என்பதற்கும் இங்கே நிறைய இடம் தந்திருக்கிறோம். விதிகள் நாட்டுக்கு நாடு, கல்லூரிக்குக் கல்லூரி மாறும். உங்கள் கல்லூரி தரும் பட்டியலே இறுதியானது. ஆனால் அந்த விதிகளுக்குப் பின்னால் இருக்கும் காரணம் எங்கும் ஒன்றுதான்: நோயாளியிடமிருந்து உங்களுக்குத் தொற்று வரக்கூடாது, உங்களிடமிருந்து நோயாளிக்குப் போகவும் கூடாது. இரண்டாவதை மாணவர்கள் மறந்துவிடுகிறார்கள். நல்ல திடகாத்திரமான 20 வயது மாணவருக்குச் சின்னம்மை ஒரு வாரத் தொல்லையாக முடியலாம். அவர் நேற்று பரிசோதித்த கீமோதெரபி நோயாளிக்கு அதுவே உயிருக்கு ஆபத்து.

முதல் வேலை: பழைய சான்றுகளைத் தேடி எடுப்பது

"சின்ன வயதிலேயே எல்லாம் போட்டாச்சு" என்ற சொல்லை எந்தத் தொழில்சார் சுகாதாரப் பிரிவும் (பணியாளர், மாணவர் உடல்நலத்தைக் கவனிக்கும் பிரிவு) சான்றாக ஏற்காது. ஏற்கப்படும் சான்றில் தடுப்பூசியின் பெயர், ஒவ்வொரு டோஸும் போட்ட முழுத் தேதி, போட்ட இடத்தின் முத்திரை அல்லது கையொப்பம் ஆகியவை இருக்க வேண்டும். பேட்ச் எண்ணும் இருந்தால் இன்னும் நல்லது. குழந்தைப் பருவ அட்டை, பள்ளிச் சுகாதாரப் பதிவு, பழைய மருத்துவரின் கோப்பு, அரசின் மின்னணுப் பதிவேடு என எல்லா இடத்திலும் தேடுங்கள்.

தேடும்போது மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். ஒன்று, பெயர். பிறந்த குழந்தையின் அட்டையில் இருக்கும் பெயரும் இன்றைய அடையாள அட்டையில் இருக்கும் பெயரும் வேறாக இருந்தால், இரண்டும் ஒரே ஆள் என்று காட்ட ஒரு சான்று இணைக்க வேண்டியிருக்கும். இரண்டு, தேதி. 03/04 என்பது சில நாடுகளில் ஏப்ரல் 3, சில நாடுகளில் மார்ச் 4. இரண்டு டோஸ்களுக்கு இடையே 28 நாள் இருந்ததா என்பதே கேள்வியாக இருக்கும்போது இந்தக் குழப்பம் ஒரு டோஸைச் செல்லாததாக்கிவிடும். படிவத்தில் மாதத்தை எழுத்தில் எழுதுங்கள். மூன்று, மொழி. அட்டை வேறு மொழியில் இருந்தால் மொழிபெயர்ப்பும் மூலமும் சேர்த்தே கொடுக்க வேண்டும்.

எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லையா? மாதக்கணக்கில் அலைய வேண்டாம். தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ருபெல்லா மூன்றுக்கும் சேர்த்துப் போடும் எம்எம்ஆர் ஊசியை ஏற்கெனவே போட்டிருந்தாலும், இன்னொரு முறை போடுவதால் தீங்கு இல்லை. ரணஜன்னி ஊசி மட்டும் கொஞ்சம் வேறு. குறுகிய இடைவெளியில் திரும்பத் திரும்பப் போட்டால் கை முழுவதும் வீங்கி வலிக்கும். அதில் பழைய தேதியைத் தேடிப் பார்ப்பது பயனுள்ளது.

ஊசிக்கு முன் ரத்தம்

வரிசையில் பலரும் தவறுவது இங்கே. எந்த ஊசியும் போட்டுக்கொள்ளும் முன் ஒரே முறையில் ரத்தம் கொடுத்துவிடுங்கள். ஹெபடைடிஸ் பி-க்கான மூன்று சோதனைகள் (மேற்பரப்பு ஆன்டிஜென், கோர் ஆன்டிபாடி, மேற்பரப்பு ஆன்டிபாடி; ஆன்டிஜென் என்பது கிருமியின் பாகம், ஆன்டிபாடி என்பது அதை எதிர்க்க உடல் உண்டாக்கும் புரதம்), சான்று இல்லாத தட்டம்மை, ருபெல்லா, சின்னம்மை ஆகியவற்றுக்கான ஐஜிஜி என்ற ஆன்டிபாடி சோதனை, கல்லூரி கேட்டால் ஹெபடைடிஸ் சி, எச்ஐவி, காசநோய்த் தொற்றைக் காட்டும் இக்ரா என்ற ரத்தச் சோதனை ஆகியவை இதில் அடங்கும்.

முதலில் ஏன்? ஹெபடைடிஸ் பி தடுப்பூசியில் இருப்பதே அந்த வைரஸின் மேற்பரப்பு ஆன்டிஜென்தான். ஊசி போட்ட பிறகு 18 நாள் வரைகூட அது ரத்தத்தில் தென்பட்டு, தொற்று இருப்பதுபோல் பாசிட்டிவ் காட்டலாம். அப்படி ஒரு ரிப்போர்ட் வந்தால் அது தந்த கலக்கம் தீர மறுபடி சோதனை, மறுபடி காத்திருப்பு. காசநோய்ச் சோதனைக்கும் எம்எம்ஆர், சின்னம்மை போன்ற உயிருள்ள தடுப்பூசிகளுக்கும் இதேபோல ஒரு மோதல் உண்டு. அது கீழே வருகிறது.

ஹெபடைடிஸ் பி: அதிக நேரம் பிடிப்பது, அதனால் முதலில் தொடங்க வேண்டியது

பாதுகாப்பு இல்லாத ஒருவரை, ஹெபடைடிஸ் பி உள்ள நோயாளிக்குப் பயன்படுத்திய ஊசி குத்தினால் தொற்று வரும் வாய்ப்பு 6 முதல் 30 சதவீதம். ஹெபடைடிஸ் சி-க்கு அது 2 சதவீதத்துக்கும் குறைவு, எச்ஐவி-க்கு சுமார் 0.3 சதவீதம். மாணவர்கள் எச்ஐவி-யை நினைத்துப் பயப்படுகிறார்கள். எண்களைப் பார்த்தால் முதலில் பயப்பட வேண்டியது ஹெபடைடிஸ் பி-யைத்தான். காய்ந்த ரத்தத்திலும் இந்த வைரஸ் குறைந்தது 7 நாள் உயிரோடு இருக்கும். நல்லவேளையாக, மூன்றில் இதற்கு மட்டும்தான் தடுப்பூசி இருக்கிறது.

வழக்கமான அட்டவணை 0, 1, 6 மாதங்கள். ஊசி மேற்கையின் டெல்டாய்டு தசையில் போடப்பட வேண்டும். புட்டத்தில் போட்டால் மருந்து கொழுப்பில் தங்கி ஆன்டிபாடி குறைவாகவே உருவாகும். பெரும்பாலான பெரியவர்களுக்கு 25 மி.மீ. நீள ஊசி போதும், உடல் பருமன் அதிகம் உள்ளவர்களுக்கு 38 மி.மீ. தேவைப்படும். நடுவில் ஒரு டோஸ் தவறிவிட்டதா? முதலிலிருந்து தொடங்க வேண்டாம், விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். தாமதமாகப் போடுவதில் பிரச்சினை இல்லை, சீக்கிரம் போடுவதில்தான் பிரச்சினை. முதல் இரண்டு டோஸ்களுக்கு இடையே குறைந்தது 4 வாரம், இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் 8 வாரம், முதலாவதற்கும் மூன்றாவதற்கும் 16 வாரம் இருக்க வேண்டும். இதற்குக் குறைந்தால் அந்த டோஸ் கணக்கில் வராது.

அவசரத்துக்கு 0, 7, 21 நாட்கள் என்ற துரித அட்டவணையும் உண்டு. ஆனால் 12-ம் மாதம் நான்காவது டோஸ் கட்டாயம். மூன்று போட்டாயிற்று என்று நான்காவதை விட்டுவிடுபவர்கள் அதிகம். சில நாடுகளில் ஒரு மாத இடைவெளியில் இரண்டே டோஸில் முடியும் புதிய வகைத் தடுப்பூசியும் கிடைக்கிறது.

கடைசி டோஸ் போட்டு 1 முதல் 2 மாதத்துக்குள் மேற்பரப்பு ஆன்டிபாடி அளவைப் பாருங்கள். ரிப்போர்ட்டில் "பாசிட்டிவ்" என்று மட்டும் இருந்தால் போதாது, எண் வேண்டும். ஒரு மில்லிலிட்டருக்கு 10 மில்லி சர்வதேச அலகு அல்லது அதற்கு மேல் என்றால் பாதுகாப்பு உண்டு. சில ஆய்வகங்கள் ஒரு லிட்டருக்கு இத்தனை சர்வதேச அலகு என்று எழுதும். இரண்டு முறையிலும் எண் ஒன்றுதான். 10 என்றால் 10. சில நாடுகள் 100-க்கு மேல் கேட்கின்றன. அங்கே 10-க்கும் 100-க்கும் இடையில் வந்தால் கூடுதலாக ஒரு டோஸ் போடச் சொல்வார்கள்.

குழந்தையாக இருந்தபோது தொடரை முடித்தவர்களுக்கு இப்போது சோதித்தால் எண் 10-க்குக் கீழே வருவது சகஜம். ஊசி வீணாகிவிட்டது என்று பொருள் இல்லை. ஆன்டிபாடி வற்றியிருக்கலாம், நோயெதிர்ப்பு நினைவு பெரும்பாலும் இருக்கும். ஒரே ஒரு டோஸ் போட்டு 1 முதல் 2 மாதம் கழித்துப் பாருங்கள். 10-ஐத் தாண்டியிருந்தால் வேலை முடிந்தது. தாண்டவில்லை என்றால் மீதி இரண்டு டோஸையும் போட்டு இரண்டாவது தொடரை முடித்துவிட்டு மறுபடி பார்க்க வேண்டும்.

மொத்தம் 6 டோஸ் போட்டும் 10-ஐத் தொடாதவர்கள் சிலர் இருப்பார்கள். வயது, புகைப்பழக்கம், பருமன், நோயெதிர்ப்பைக் குறைக்கும் நோய்கள் ஆகியவை இதற்குக் காரணமாகலாம். காரணமே தெரியாமலும் நடக்கும். முதலில் மேற்பரப்பு ஆன்டிஜெனும் கோர் ஆன்டிபாடியும் பார்த்து, ஏற்கெனவே தொற்று இல்லை என்பதை உறுதி செய்ய வேண்டும். தொற்றும் இல்லை, பதிலும் இல்லை என்றால் அவர் "நான்-ரெஸ்பான்டர்". வார்டுக்குப் போக இது தடை அல்ல. ஆனால் ஹெபடைடிஸ் பி ரத்தம் பட்டால் அவருக்குத் தடுப்பூசி கை கொடுக்காது. இம்யூனோகுளோபுலின் (ஆயத்தமான ஆன்டிபாடி) ஊசி ஒரு மாத இடைவெளியில் இரண்டு முறை போட வேண்டும். இந்த விவரம் அவருடைய கோப்பின் முதல் பக்கத்திலேயே இருக்க வேண்டும், ஏனென்றால் ஊசி குத்திய பதற்றத்தில் யாரும் பழைய ரிப்போர்ட்டைத் தேடிக்கொண்டிருக்க மாட்டார்கள்.

தட்டம்மையும் சின்னம்மையும்

பாதுகாப்பு இல்லாத கூட்டத்தில் ஒரு தட்டம்மை நோயாளி 12 முதல் 18 பேருக்குப் பரப்பக்கூடியவர். அவர் அறையை விட்டுப் போன பிறகும் 2 மணி நேரம் வரை வைரஸ் காற்றில் இருக்கும். தடிப்பு தோன்றுவதற்கு 4 நாள் முன்பிருந்தே பரவும். "நோயாளியைத் தொடவே இல்லையே" என்பது இங்கே செல்லாது.

கேட்கப்படுவது எம்எம்ஆர் 2 டோஸ், இடையே குறைந்தது 28 நாள். அல்லது ஆய்வகத்தில் பார்த்த ஐஜிஜி. இரண்டு டோஸுக்கும் ஒழுங்கான சான்று கையில் இருந்தால் ஐஜிஜி பார்க்காமல் இருப்பதே நல்லது. ஊசிக்குப் பிறகான ஆன்டிபாடியைச் சாதாரண ஆய்வக முறைகள் சில நேரம் பிடிப்பதில்லை. தேவையில்லாமல் ஒரு "நெகட்டிவ்" வந்து குழப்பும். அப்படி வந்தாலும் இரண்டு டோஸுக்கான சான்றே மேலானது என்று பல வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. சின்னம்மைத் தடுப்பூசிக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும்: 2 டோஸ் போட்ட பிறகு டைட்டர் (ஆன்டிபாடி அளவு) பார்க்க வேண்டாம். இயற்கையாகச் சின்னம்மையோ அக்கியோ வந்திருந்து, அதை மருத்துவர் பதிவு செய்திருந்தால் அதுவும் சான்று. அம்மா நினைவிலிருந்து சொல்வதை எல்லாக் கல்லூரிகளும் ஏற்பதில்லை. அப்போது ஐஜிஜி பாருங்கள், பெரும்பாலும் பாசிட்டிவாகவே வரும்.

பாதுகாப்பு இல்லாமல் தொடர்பு ஏற்பட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். தட்டம்மை என்றால் முதல் தொடர்பிலிருந்து 5-ம் நாள் முதல் கடைசித் தொடர்பிலிருந்து 21-ம் நாள் வரை வார்டுக்கு வெளியே இருக்க வேண்டும். சின்னம்மை என்றால் 8-ம் நாள் முதல் 21-ம் நாள் வரை. ஒரு போஸ்டிங்கே கையைவிட்டுப் போய்விடும். தட்டம்மைத் தொடர்புக்குப் பிறகு 72 மணி நேரத்துக்குள் எம்எம்ஆர் போட்டால் தப்பிக்க வாய்ப்பு உண்டு. அதனால் "எனக்கு அம்மை நோயாளியின் தொடர்பு ஏற்பட்டது" என்பதை அன்றே சொல்ல வேண்டும், அடுத்த வாரம் அல்ல.

இந்த இரண்டும் உயிருள்ள, பலம் குறைக்கப்பட்ட வைரஸால் ஆனவை. அதனால் மூன்று கட்டுப்பாடுகள். இரண்டையும் ஒரே நாளில் போடுங்கள், இல்லையென்றால் 28 நாள் இடைவெளி விடுங்கள். கர்ப்பமாக இருந்தால் போடக் கூடாது. போட்டபின் குறைந்தது 4 வாரம் கர்ப்பம் தவிர்க்க வேண்டும். நோயெதிர்ப்பைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள் சிகிச்சை தரும் மருத்துவரிடம் கேட்காமல் போடவே கூடாது. தினம் 20 மி.கி. அல்லது அதற்கு மேல் பிரெட்னிசோலோன் 2 வாரமாக எடுப்பவர்களும் இதில் சேர்த்தி. அண்மையில் ரத்தம் அல்லது இம்யூனோகுளோபுலின் ஏற்றியிருந்தால் மாதக்கணக்கில் தள்ளிப்போட வேண்டி வரும், அதையும் சொல்லிவிடுங்கள். லேசான சளி, இருமல் இருந்தால் ஊசியைத் தள்ளிப்போடத் தேவையில்லை.

காசநோய்: சோதனையில் கவனம் வேண்டும்

மற்றவற்றில் ஊசி போட்டு முடித்துவிடலாம். காசநோயில் அப்படி இல்லை. காசநோய்த் தடுப்பூசியான பிசிஜியின் தழும்பு கையில் இருப்பது பெரியவர்களுக்கு நுரையீரல் காசநோய் வராது என்பதற்கு உத்தரவாதம் அல்ல. எனவே வார்டுக்குப் போகும் முன் உங்கள் ஆரம்ப நிலை என்ன என்று பதிவு செய்கிறார்கள். பின்னாளில் தொடர்பு ஏற்பட்டு சோதனை பாசிட்டிவ் ஆனால், அது புதிதா பழசா என்று சொல்ல இந்தப் பதிவு மட்டுமே உதவும்.

முதலில் அறிகுறிக் கேள்விகள்: 2 வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, எடை குறைவு. ஒன்றாவது இருந்தால் மற்ற எதற்கும் காத்திராமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். இல்லையென்றால் மாண்டூ தோல் சோதனை அல்லது இக்ரா ரத்தச் சோதனை.

மாண்டூவில் தவறு நடக்க எத்தனை இடம் இருக்கிறது என்று பாருங்கள். முன்கையின் உட்புறத்தில், தோலுக்குள்ளேயே 0.1 மி.லி. டியூபர்குலின் செலுத்தப்படுகிறது. சரியாகச் செலுத்தினால் உடனே 6 முதல் 10 மி.மீ. அளவில் வெளிறிய சிறு கொப்புளம் எழும்பும். எழும்பவில்லை என்றால் மருந்து தோலுக்கு அடியில் போய்விட்டது. குறைந்தது 5 செ.மீ. தள்ளி மறுபடி போட வேண்டும். அந்த இடத்தைச் சொறியக் கூடாது, பிளாஸ்டர் ஒட்டக் கூடாது. 48 முதல் 72 மணி நேரத்துக்குள் பயிற்சி பெற்றவர் பார்க்க வேண்டும். அதனால் மூன்றாம் நாள் விடுமுறையாக வரும் கிழமையில் போட்டுக்கொள்ளாதீர்கள். நாள் தாண்டினால் எல்லாம் முதலிலிருந்து. அளப்பது சிவப்பை அல்ல, விரலில் தட்டுப்படும் தடிப்பை. ஒரு பால்பாயின்ட் பேனாவால் தோலில் வெளியிலிருந்து தடிப்பை நோக்கி மெதுவாகக் கோடு இழுத்தால், தடிப்பின் விளிம்பில் பேனா தடைபட்டு நிற்கும். மறுபக்கத்திலிருந்தும் அப்படியே. இரு கோடுகளும் நின்ற இடங்களுக்கு இடைப்பட்ட தூரத்தை முன்கையின் குறுக்காக அளக்க வேண்டும். சுகாதாரப் பணியில் உள்ளவர்களுக்குப் பொதுவாக 10 மி.மீ. அல்லது அதற்கு மேல் பாசிட்டிவ். நோயெதிர்ப்பு குறைந்தவர்களுக்கு 5 மி.மீ. தடிப்பே இல்லை என்றாலும் பதிவில் "0 மி.மீ." என்று எழுதச் சொல்லுங்கள். வெறும் "நெகட்டிவ்" என்ற சொல்லைப் பல இடங்களில் திருப்பி அனுப்புகிறார்கள்.

சில கல்லூரிகள் 1 முதல் 3 வாரம் கழித்து இரண்டாவது மாண்டூவும் கேட்கும். நெடுநாள் முன்பு வந்த தொற்றையோ பிசிஜியையோ மறந்திருந்த உடம்புக்கு முதல் சோதனை அதை நினைவூட்டுகிறது. இரண்டாவதில் தடிப்பு வருகிறது. இதை இப்போதே கண்டுவிட்டால், அடுத்த வருடச் சோதனையில் புதுத் தொற்று என்று தவறாக முடிவு கட்ட மாட்டார்கள்.

பிசிஜி போட்டவர்களுக்கு இக்ரா நல்ல தேர்வு, ஏனென்றால் பிசிஜியால் அது பாசிட்டிவ் ஆகாது. ஒரே வருகை போதும். அதிலும் ஒரு சிக்கல் உண்டு: ரத்தம் எடுத்த சில மணி நேரத்துக்குள் குழாய்கள் ஆய்வகத்தில் இன்குபேட்டருக்குள் போக வேண்டும். வார நாளின் காலையில் கொடுப்பது பாதுகாப்பு. "இன்டிடர்மினேட்" (முடிவு தெளிவாக இல்லை) என்று வந்தால் அதை நெகட்டிவ் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், மறுபடி எடுக்க வேண்டும்.

உயிருள்ள தடுப்பூசி போட்ட சில வாரங்களுக்கு இந்தச் சோதனைகள் பொய்யாக நெகட்டிவ் காட்டக்கூடும். அதனால் சோதனையை எம்எம்ஆருக்கு முன்பே அல்லது அதே நாளில் முடியுங்கள். தவறவிட்டால் குறைந்தது 4 வாரம் காத்திருங்கள்.

பாசிட்டிவ் வந்தால் பதற வேண்டாம். மார்பு எக்ஸ்ரே, மருத்துவர் பார்வை. இரண்டிலும் நோய் இல்லை என்றால் அது உறங்கும் தொற்று. அது யாருக்கும் பரவாது, வார்டுக்குப் போகலாம். நோயாக மாறாமல் இருக்கச் சிகிச்சை உண்டு: உதாரணமாக ஐசோனியசிட், ரிஃபாபென்டின் இரண்டும் சேர்த்து வாரம் ஒரு முறை 12 வாரம், அல்லது ரிஃபாம்பிசின் தினமும் 4 மாதம். இந்த ரிஃபா வகை மருந்துகளால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகும். கருத்தடை மாத்திரையின் பலனும் குறையும். பின்னதை யாராவது சொல்வார்கள் என்று காத்திராமல் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மற்ற ஊசிகள், சுருக்கமாக

தொண்டை அடைப்பான், ரணஜன்னி, கக்குவான் மூன்றுக்கும் சேர்ந்த டிடேப் ஒரு டோஸ், பிறகு 10 வருடத்துக்கு ஒரு முறை பூஸ்டர். ஆணி குத்தியபோது போட்ட டிடி (ரணஜன்னி, தொண்டை அடைப்பான்) ஊசியைக் காட்டினால் போதும் என்று நினைக்கிறார்கள். அதில் கக்குவான் பாகம் இல்லை. பச்சிளங்குழந்தைகள் பிரிவில் கக்குவான்தான் முக்கியம், அந்த வயதில் அது மூச்சையே நிறுத்திவிடும்.

இன்ஃப்ளூயன்ஸா ஒவ்வொரு வருடமும், பருவம் தொடங்கும் முன். பாதுகாப்பு வர சுமார் 2 வாரம் ஆகும். போலியோ முதன்மைத் தொடர் முடிந்திருக்க வேண்டும். கோவிட், ஹெபடைடிஸ் ஏ, மெனிங்கோகாக்கஸ், டைபாய்டு ஆகியவை இடத்துக்கும் வேலைக்கும் ஏற்ப மாறும். நுண்ணுயிரியல் ஆய்வகப் பயிற்சி இருந்தால் கடைசி இரண்டையும் தனியாகக் கேளுங்கள். எந்த ஊசியானாலும் போட்டபின் 15 நிமிடம் உட்கார்ந்திருங்கள். இளைஞர்கள் மயங்கி விழுந்து தலையில் அடிபடுவது உண்மையில் நடக்கிறது.

ரத்தத்தால் பரவும் தொற்று இருந்தால்

ஹெபடைடிஸ் பி, சி, எச்ஐவி ஆகியவற்றில் ஒன்று உங்களுக்கு இருப்பது இந்தச் சோதனையில்தான் தெரியவரலாம். இங்கே ரிப்போர்ட்டை மறைக்கத் தூண்டும் பயமே பெரிய ஆபத்து. மாணவர் வார்டில் செய்யும் பெரும்பாலான வேலைகள், அதாவது வரலாறு கேட்பது, பரிசோதிப்பது, ரத்தம் எடுப்பது ஆகியவை, நோயாளிக்குத் தொற்றைக் கடத்தும் வகையைச் சேர்ந்தவை அல்ல. கட்டுப்பாடு வருவது, கூரான கருவியோ எலும்பு முனையோ இருக்கும் உடல் குழிக்குள் விரல்நுனி கண்ணில் படாமல் வேலை செய்யும் நடைமுறைகளுக்குத்தான். அதிலும் சிகிச்சையால் வைரஸ் அளவு குறைந்து, தொடர்ந்து கண்காணிக்கப்பட்டால் பல நாடுகளில் அனுமதி உண்டு. ஹெபடைடிஸ் சி-யை இன்று 8 முதல் 12 வாரம் மாத்திரையால் பெரும்பாலானவர்களுக்குக் குணப்படுத்த முடிகிறது. முடிவுகள் தொழில்சார் சுகாதாரப் பிரிவில் ரகசியமாக இருக்க வேண்டியவை. வகுப்புக் குழுவில் ரிப்போர்ட் படத்தைப் பகிரச் சொன்னால் மறுக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

முகக்கவசமும் கையும்

என்95 அல்லது எஃப்எஃப்பி2 வகைக் கவசம் வேண்டிய இடங்களில் ஃபிட் டெஸ்ட் கேட்பார்கள். தலையில் ஒரு உறையை மாட்டி, இனிப்பு அல்லது கசப்புச் சுவையுள்ள திரவத்தைப் புகைபோல் தெளித்து, தலையைத் திருப்பி, குனிந்து, பேசச் சொல்வார்கள். சுவை தெரிந்தால் கசிகிறது என்று பொருள். 15 நிமிடம் முன்பிருந்தே தண்ணீரைத் தவிர எதையும் வாயில் போடாமல் போங்கள். கவசம் முகத்தோடு ஒட்டும் கோட்டில் தாடி இருந்தால் எந்த அளவும் பொருந்தாது. மத நம்பிக்கையால் தாடி எடுக்க முடியாதவர்கள் காற்று ஊதும் தலைக்கவசம் கிடைக்குமா என்று முன்கூட்டியே கேட்க வேண்டும். தேறிய மாடலின் பெயரையும் அளவையும் எழுதி வையுங்கள், வேறு மாடலுக்கு அந்தத் தேர்ச்சி செல்லாது.

கைக்கு ஆல்கஹால் திரவம் என்றால் 20 முதல் 30 நொடி, சோப்பும் தண்ணீரும் என்றால் 40 முதல் 60 நொடி. வயிற்றுப்போக்கு நோயாளியிடம் ஆல்கஹாலை நம்பாதீர்கள். வயிற்றுப்போக்கு உண்டாக்கும் கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் பாக்டீரியாவின் ஸ்போர்களை (கெட்டியான உறையுள்ள வடிவம்) அது கொல்லாது, சோப்பால் கழுவித்தான் அகற்ற வேண்டும். கையுறையைக் கழற்றிய பிறகும் கை கழுவ வேண்டும். செயற்கை நகம், மோதிரம், கைக்கடிகாரம் மூன்றும் வீட்டிலேயே இருக்கட்டும்.

ஊசி குத்திவிட்டால்

இந்தப் பகுதியை மட்டும் மனப்பாடமாக வைத்திருங்கள்.

1. செய்துகொண்டிருக்கும் வேலையை நிறுத்துங்கள். கூரான பொருளைப் பாதுகாப்பான டப்பாவில் போடுங்கள்.
2. காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்பிட்டுக் கழுவுங்கள். பிதுக்காதீர்கள், சப்பாதீர்கள், பிளீச் ஊற்றாதீர்கள். கண்ணிலோ வாயிலோ தெறித்திருந்தால் சுத்தமான நீர் அல்லது சலைனால் நன்றாக அலசுங்கள். கான்டாக்ட் லென்ஸ் போட்டிருந்தால் அதோடு ஒரு முறை, கழற்றி ஒரு முறை.
3. உடனே பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். ரவுண்ட்ஸ் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.
4. நோயாளியின் பெயர், வார்டு, நேரம், ஊசியின் வகை (உள்ளே துளை உள்ளதா, தையல் ஊசியா), ரத்தம் கண்ணுக்குத் தெரிந்ததா என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். நோயாளியின் சம்மதம் கேட்டு ரத்தம் எடுக்கும் பொறுப்பு வேறொருவருடையது, உங்களுடையது அல்ல.
5. எச்ஐவி தடுப்பு மருந்து தேவை என்று முடிவானால் முதல் டோஸ் இயன்றவரை சில மணி நேரத்துக்குள், அதிகபட்சம் 72 மணி நேரத்துக்குள். மொத்தம் 28 நாள். ரிப்போர்ட் வரட்டும் என்று முதல் டோஸைத் தள்ளிப்போட மாட்டார்கள். நோயாளிக்கு நெகட்டிவ் என்று தெரிந்தால் நிறுத்திக்கொள்ளலாம்.
6. ஹெபடைடிஸ் பி பாதுகாப்பு இல்லை என்றால் இம்யூனோகுளோபுலினும் தடுப்பூசியும் சேர்த்து, கூடுமானவரை 24 மணி நேரத்துக்குள்.
7. உங்கள் ரத்தமும் அன்றே எடுக்கப்பட வேண்டும். அன்று உங்களுக்குத் தொற்று இல்லை என்பதற்கு அதுதான் சான்று. பிறகு சொல்லும் தேதிகளில் தவறாமல் திரும்பப் போங்கள்.

மாணவர்கள் இதை மறைக்கக் காரணம் பெரும்பாலும் கூச்சமும் மதிப்பெண் பயமும்தான். மூடியை மறுபடி ஊசியில் மாட்டப் போய்க் குத்திக்கொண்டேன் என்று சொல்ல வெட்கம். ஆனால் 72 மணி நேரம் கடந்த பிறகு சொன்னால் தருவதற்கு எச்ஐவி தடுப்பு மருந்து இருக்காது. போஸ்டிங் தொடங்கும் முன்பே அந்த மருத்துவமனையில் இரவிலும் விடுமுறையிலும் யாரை அழைக்க வேண்டும் என்று கேட்டு, எண்ணை போனில் சேமித்து வையுங்கள்.

எப்போது வார்டுக்கு வரக் கூடாது

வாந்தி, வயிற்றுப்போக்கு என்றால் கடைசி முறைக்குப் பிறகு 48 மணி நேரம். சின்னம்மை என்றால் எல்லாக் கொப்புளமும் பொருக்காகும் வரை. விரலில் ஹெர்பிஸ் கொப்புளம் இருந்தால் நோயாளியைத் தொடும் வேலை கூடாது, கையுறை போட்டாலும். காய்ச்சலோடு இருமல், காரணம் தெரியாத தடிப்பு, கண் சிவந்து நீர் வடிதல் ஆகியவை இருந்தால் போன் செய்து கேட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். வருகைப் பதிவு குறையும் என்ற கவலை நியாயமானது. அதற்கு மருத்துவச் சான்று வாங்கிக் கொடுத்து ஈடு செய்ய வழி கேளுங்கள்.

நாட்காட்டி

போஸ்டிங்குக்கு 9 முதல் 12 மாதம் முன்பு: சான்றுகளைச் சேகரித்தல், ரத்தம் கொடுத்தல், காசநோய்ச் சோதனை, அதே நாளில் அல்லது அதற்குப் பின் ஹெபடைடிஸ் பி முதல் டோஸ், எம்எம்ஆர், சின்னம்மை முதல் டோஸ்கள், டிடேப். ஒரு மாதம் கழித்து மூன்றிலும் இரண்டாவது டோஸ். 28 நாளை முழுதாகக் கடந்து போங்கள், 27-ம் நாள் போகாதீர்கள். 6-ம் மாதம் ஹெபடைடிஸ் பி மூன்றாவது. 7 அல்லது 8-ம் மாதம் ஆன்டிபாடி எண். போஸ்டிங்குக்கு ஒரு மாதம் முன்பு ஃப்ளூ ஊசியும் ஃபிட் டெஸ்டும்.

நேரம் இல்லாமல் மாட்டிக்கொண்டவர்கள், தொடரைத் தொடங்கிய சான்றையும் மீதி டோஸ்களின் தேதிகளையும் காட்டி நிபந்தனை அனுமதி கேட்கலாம். குறைந்தது இரண்டு ஹெபடைடிஸ் பி டோஸாவது போட்டிருந்தால் பல இடங்களில் காது கொடுத்துக் கேட்பார்கள். ரத்தம் எடுப்பது, தையல் போன்ற வேலைகளுக்கு மட்டும் தடை வைக்கக்கூடும்.

எல்லா அட்டையையும் ரிப்போர்ட்டையும் ஸ்கேன் செய்து ஒரே பிடிஎஃப் ஆக்குங்கள். முதல் பக்கத்தில் ஒரு அட்டவணை: ஊசியின் பெயர், தேதிகள், ஆய்வக எண் அதன் அலகோடு, அடுத்த டோஸ் எப்போது. மூலங்களை யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள், நகலை மட்டும் கொடுங்கள். ஹவுஸ் சர்ஜன் காலத்திலும், வெளிநாட்டில் எலக்டிவ் (விருப்பப் பயிற்சி) போகும்போதும், முதல் வேலைக்குச் சேரும்போதும் இதே கோப்பைத்தான் மறுபடி கேட்பார்கள்.